முங்காமல் ஊதுவது

ரெக்கார்டர் ஊதப் பெரிய மூச்சு வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விசில் முனை வைத்த சின்னக் குழல் அது. பேசுகிற அளவு காற்று போதும். இதை எங்கள் மாதா கோயில் குழல் குழுவுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போயிற்று. நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வாயும் கொஞ்சம் நீளம்.

திரேஸ்புரத்துக்காரர் ஒருவர் குழுவில் சேர வந்தார். கடலில் முங்கிச் சங்கு குளித்தே அறுபதைத் தொட்டவர். மனைவி இறந்து வருஷம் திரும்ப ஆறு வாரம் இருந்தது. அந்த நினைவுப் பூசையில் அந்த அம்மாவுக்குப் பிடித்த பாட்டைத் தானே ஊத வேண்டும் என்றார்.

"உசுரோட இருந்தப்ப அவகிட்ட ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேசுனதில்ல டீச்சர். வீட்டுலயும் முங்குன மாதிரியே வாயப் பொத்திக்கிட்டு இருக்கியன்னு ஏசுவா."

இதற்கு மேல் மறுக்க எனக்கு மனம் வருமா?

விரல்கள் பத்து நாளில் படிந்துவிட்டன. நாக்குக்கு, பழங்காலத்து ஐரோப்பியக் குழல்காரர்கள் எழுதிவைத்த முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு சுரத்தையும் 'தெ', 'ரெ' என்று நாக்கால் சொல்லியே ஊத வேண்டும்; 'தெ' அழுத்தம், 'ரெ' வழுக்கல். குழல் இல்லாமல் சொல்லச் சொன்னால் பிரமாதமாகச் சொன்னார். குழலை உதட்டில் வைத்ததும் ஒரே இழுப்பாக மூச்சை இழுப்பார். தோள் காதுவரை ஏறும், நெஞ்சு பூட்டிக்கொள்ளும். பிறகு வரும் பாருங்கள் ஒரு சத்தம், துறைமுகத்துக் கப்பல் சங்கு தோற்றது.

"தோளை இறக்குங்க அண்ணாச்சி!" நான் கத்தக் கத்த அது இன்னும் ஏறியது. நாலாவது வாரம் பொறுமை போய்விட்டது. "காத்த வெளிய விடுங்க! உள்ளயே வச்சு என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் குழலை மடியில் வைத்தார்.

"கடலுக்கடியில காத்த விட்டா செத்துருவோம் டீச்சர். நாப்பது வருசமா ஒடம்பு படிச்சது அதத்தான். நீங்க விடு விடுங்கிய. அது கேக்க மாட்டேங்கு."

குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாவி, நாலு வாரமாக அந்த மனிதரைச் சாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். "ஒரு முங்கு முங்கி மேல வந்து, அடுத்த முங்குக்கு முன்னால வள்ளத்தப் புடிச்சிட்டு மெதப்பியள்லா, அப்ப மூச்சு எப்படி இருக்கும்?"

"அப்ப மூச்ச யாரு நெனைக்கா? பக்கத்துல மெதக்குதவன்கிட்ட கதை பேசிட்டுக் கெடப்போம்" என்று சிரித்தார்.

"அப்ப இங்கனயும் வள்ளத்தப் புடிச்சிட்டே ஊதுங்க. முங்காதிய."

நாற்காலியில் முதுகைச் சாய்த்து, சின்னதாக மூச்சு வாங்கினார். தோள் தானே இறங்கியது. தெ ரெ, தெ ரெ என்று மெல்லிசாக, நடுக்கத்தோடு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ஜன்னலைச் சாத்தப் போனேன்.

பூசையன்று நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் குழுவில் நாங்கள் நாலு பேரும் ஊதினோம். கடைசி வரிக்கு முன்னால் அவர் காற்று தீர்ந்துவிட்டது. தோள் லேசாக ஏறுவதைப் பார்த்தேன். போச்சு, முங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ குழலை உதட்டிலிருந்து எடுத்தார். நாங்கள் ஊதிக்கொண்டே இருக்க, இரண்டு சுரத்தை விட்டுவிட்டு, தோளை இறக்கி, கொஞ்சமாக மூச்சு வாங்கி மறுபடி சேர்ந்துகொண்டார்.

வெளியே செருப்பு மாட்டும்போது, "ரெண்டு சுரம் விட்டுட்டேன்லா டீச்சர்?" என்றார்.

"ஆமா, விட்டுட்டிய."

"இருக்கட்டும். நான் மட்டுமே பேசுனா எப்படி? அந்த ரெண்டுல அவளும் ஏதாச்சும் சொல்லணும்லா."