மூன்று வயர் கேபிளும் கரீம் பாயும்

செவ்வாய்க்கிழமை காலை, ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் டெக்னீஷியன் செல்வி கைப்பேசியோடு என் அறைக்குள் வந்தாள். “மேடம், கரீம் பாய் தவறிட்டாராம்,” என்றாள்.

மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்த்தவர் கரீம் பாய். குரோம்பேட்டையில் நான் நடத்தும் லேபில் அவர் கை படாத வயர் இல்லை. சர்க்கரை குறைத்து டீ கொடுத்தால், “என்னையும் பேஷண்ட் ஆக்கிட்டீங்களா மேடம்?” என்பார்.

ஒரு சமயம் லேபில் முடிவுகள் காணாமல் போகத் தொடங்கின. பத்துப் பேர் ரத்தத்தை மெஷினில் வைத்தால் எட்டுப் பேர் முடிவுதான் கம்ப்யூட்டருக்கு வரும். ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’ என்று திரை ஏதோ சொல்லும், யார் படித்தோம்? எனக்கோ மூக்கின் மேல் கோபம். செல்வி சாம்பிளைப் போடாமலே ஏமாற்றுகிறாள் என்று எல்லார் எதிரிலும் திட்டி, நாளை முதல் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அன்று மதியம் பாய் வந்தார். செல்வியையே சாம்பிள் போடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். ரிப்போர்ட் அச்சாகும் நேரத்தில் மட்டும் முடிவுகள் தொலைந்தன. மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேபிளின் முனையைத் திறந்து, உள்ளே இருந்த வயர்களை எண்ணிப் பார்த்தார்.

“பொண்ணு மேல தப்பில்ல மேடம். இது நான் பண்ண கேபிள். மெஷின் கடகடன்னு சொல்லிகினே போவுது. கம்ப்யூட்டர் பிரிண்ட் போட்டுகினு கீது, வாங்கி வெக்க எடமில்ல. ‘கொஞ்சம் இரு’ன்னு மெஷினாண்ட சொல்லத் தனி வயர் வேணும். மூணு வயர்லயே ஓடுதேன்னு வுட்டுட்டேன்.”

வாயை மூடிக்கொண்டு கேபிளை மாற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் நேரே செல்வியிடம் போய், “மன்னிச்சுக்கம்மா” என்றார். புதுக் கேபிள் செய்து, இரண்டு பக்கமும் செட்டிங் மாற்றி, ஐம்பது சாம்பிள் ஓடி முடியும்வரை அங்கேயே இருந்தார். ஒன்றும் தொலையவில்லை.

நான் செல்வியிடம், “நாளைக்கு வந்துடு” என்றேன். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் வரவில்லை.

செவ்வாய் மாலை பாயின் வீட்டில், பெண்களோடு நாங்கள் இருவரும் நின்றோம். “செல்வி, அப்போ உன்னை அப்படிச் சொன்னது என் தப்பு” என்றேன்.

“அதான் அன்னிக்கே பாய்கிட்ட சொல்லி அனுப்புனீங்களே மேடம்,” என்றாள். “வீட்டுக்கே வந்து சொன்னாரு. ‘மேடம் ரொம்ப வருத்தப்படுறாங்க, நேர்ல சொல்லக் கூச்சப்படுறாங்க’ன்னு. அதனாலதான் நான் திரும்ப வந்தேன்.”

நான் யாரிடமும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். அழுகையை அடக்க முடியவில்லை.

ஆண்கள் பாயைத் தோளில் சுமந்து தெருவில் இறங்கினார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போய் வாருங்கள், பாய்.