அடித்தவன் எங்கே போனான்

சகாயம்மாளுக்கு இடது காது கேட்காது. கல்யாணமான புதிதில் லூர்துநாதன் அறைந்ததில் போனது. அவன் மீன் லாரி டிரைவர். கருக்களாச்சேரியில் சரக்கேற்றி மாயவரம் போவான். திரும்பும்போது மதுவிலக்கு எல்லை தாண்டியதும் முதல் சாராயக்கடையில் வண்டி நிற்கும். ஆனால் குடிக்காத நாளிலும் அடித்தான். நிறைமாதத்தில் உதைத்ததில் பிள்ளை செத்துப் பிறந்தது. சோறு குழைந்ததற்காகத் தோசைக்கரண்டியைக் காய்ச்சி முன்கையில் இழுத்தான்.

அவள் மாதா கோயில் பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பவள். அவன் திருந்த வேண்டுமென்று ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், நரகம் இருக்கிறது, அவன் அங்கே வேகப்போகிறான். அவளுடைய விசுவாசம் அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்துக் கிடந்தாள்.

எழுபத்தாறில் மழை நாளொன்றில் பூவத்துக்கு அருகே லாரி புளியமரத்தில் மோதியது. மண்டை உடைந்து, பல நாள் நினைவில்லாமல் கிடந்தவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். பக்கத்திலிருந்தவளைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டான்.

பழசு ஒன்றும் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தவன் வேறு ஆள். வாங்க, போங்க என்று பெண்டாட்டியை அழைத்தான். தண்ணீர் எடுத்து வைத்தான். சாராய வாடைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாதா செய்த புதுமை, அற்புதம் என்று தெருவில் நாங்கள் எல்லோரும் சொன்னோம். பங்குச்சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் அவனைப் பற்றிப் பேசியபோது பெண்கள் சகாயம்மாளைப் பொறாமையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மறுநாளே சாமியாரிடம் போனாள். ஆத்துமா ஒன்றுதானா, மாறுமா என்று கேட்டாள். மாறாது என்றார் அவர்.

"அப்ப என்னை அடிச்சது இந்த ஆத்துமாதானே சாமி?"

"அதுதாம்மா. ஆனா அவனுக்கு ஞாபகம் இல்லையே."

"ஞாபகம் இல்லாதவனை நரகத்துல போட்டா, எதுக்கு வேகுறோம்னே அவனுக்குத் தெரியாதே. போடலைன்னா, அடிச்சவன் எங்க போனான்?"

கடவுளின் இரக்கத்துக்குக் கணக்கு இல்லை என்று சாமியார் சொன்னார். தனக்குச் சேர வேண்டியதை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டதைப் போலிருந்தது அவளுக்கு. அன்றோடு பீடத்துணி எடுக்கப் போகவில்லை.

பிறகு தானே ஆரம்பித்தாள். அவனைத் தரையில் வெறும் கஞ்சிக்கு உட்கார வைத்தாள். அவன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை, அழுதான். ஒருநாள் மத்தியானம் கரண்டியைக் காய்ச்சி எடுத்து வந்து கையை நீட்டச் சொன்னாள். நீட்டினான். சதை பொசுங்கியபோது அவன் கத்தியது பக்கத்துத் தெருவரை கேட்டது. பக்கத்து வீட்டுக் கமர் நிஷா ஓடி வந்து பார்த்துவிட்டு, "அல்லாவுக்குப் பயப்படு சகாயம்" என்றாள். சகாயம்மாளோ கத்துகிறவன் கண்ணுக்குள்ளே அந்தப் பழைய ஆள் எங்காவது தெரிகிறானா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை. ஆனாலும் அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அவன் அவள் சொன்ன பாவங்களை எல்லாம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டு, முகம் தெளிந்து திரும்பினான். "மன்னிப்புக் கெடச்சிடுச்சுங்க" என்றான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் செய்ததற்கு யார் மன்னிப்பு வாங்கி வருவது?

அப்போதுதான் பொய் சொன்னாள். "இன்னொண்ணு இருக்கு. அரசலாத்துல ஒரு புள்ளைய முக்கிக் கொன்ன. யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டுந்தான் தெரியும்."

நம்புகிறானா என்று பார்க்கத்தான் சொன்னாள். மற்றவற்றை நம்பியது போலவே இதையும் நம்பினான். அதே அழுகை, நெஞ்சில் அடித்துக்கொள்வதும் அதே மாதிரி. நடந்ததற்கும் நடக்காததற்கும் அவனிடம் ஒரு வித்தியாசமும் இல்லை. மனுசன் என்பது மற்றவர்கள் ஊற்றுவதைத் தாங்குகிற பானைதான், உள்ளே தனியாக யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று அவள் பிறகு கமர் நிஷாவிடம் சொன்னாளாம். நரகத்துக்கு அனுப்பக்கூட ஆள் இல்லை என்றாளாம்.

ஆனால் இந்தப் பாவத்துக்குக் கிடைத்த மன்னிப்பு அவனுக்குப் போதவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா, என்ன பேர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் ஏதோ ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். சிவப்புக் கவுன் என்றாள், காலில் கொலுசு என்றாள். அவன் தினமும் ஆற்றில் இறங்கித் தடவ ஆரம்பித்தான். எழுபத்தெட்டு ஐப்பசியில் வெள்ளம் வந்தபோதும் இறங்கினான். முகத்துவாரத்தில் வலைக்காரர்கள் உடலை எடுத்தார்கள்.

அடக்கத்தின்போது சாமியாரிடம், அந்தப் பிள்ளை விஷயம் பொய் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சாமியார் வெளிறிப்போனார். பிறகு அவர் பிரசங்கத்தில் அந்தப் புதுமையைப் பற்றிப் பேசவே இல்லை. தெருவில் அவளோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை, கமர் நிஷாவைத் தவிர.

எண்பத்தாறில் கர்ப்பப்பைப் புற்றுநோயில் படுத்தாள். புதிதாக வந்த சாமியார் இளைஞர். படுக்கைக்கு அருகே உட்கார்ந்து, செய்ததற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்பட்டால் போதும் என்று கெஞ்சினார்.

"செஞ்சது நான்தான் சாமி. ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. வருத்தந்தான் இல்ல. எங்க வீட்டுக்காரரு எதுவும் ஞாபகம் இல்லாம வருத்தப்பட்டாரு. உங்க கடவுளுக்கு எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க."

அவர் எழுந்து போய்விட்டார். அவள் அண்ணன் மரியசூசை கையைக் காலைப் பிடித்து அவரை மறுபடி அழைத்து வந்தார். சாகப்போகிறவர்களுக்குப் பாவமன்னிப்பாகப் பூசும் மந்திரித்த எண்ணெயைச் சாமியார் அவள் நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசினார். அப்போது அவளுக்கு நினைவு இல்லை.