மேட்டில் கிடைத்த தண்ணீர்

ஏம்பலத்தில் எங்களுக்கு மேடு என்றால் வரப்புதான். அப்படிப்பட்ட நானும் என் மச்சான் நடேசனும் எங்கள் பிரெஞ்சுச் சீமையின் எல்லையைத் தாண்டி, செஞ்சிப் பக்கம் மலையேறக் கிளம்பினோம். முதுகில் கட்டுச்சோற்று மூட்டை. கூடவே என் நாய் கருப்பன்.

பாதி மலையில் இருட்டிவிட, பாறையிலேயே படுத்துவிட்டோம். விடிந்தபோது சுரைக்குடுவையில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பள்ளத்துலதான்பா தண்ணி நிக்கும். எறங்கு," என்றேன். வயல் எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். கருப்பனோ மேலே ஓடியது. கூப்பிட்டும் வராத ஆத்திரத்தில் கல்லை விட்டெறிந்தேன். கல் காலில் பட, அது கத்தியபடியே ஓடி மறைந்தது.

நெடுநேரம் கீழே தேடினோம். சருகுதான் கிடந்தது. அப்போது கருப்பன் நொண்டிக்கொண்டே இறங்கி வந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னா மச்சான் இது! மேல தண்ணி இருக்குது!" என்று நடேசன் கத்தினான்.

அதன் பின்னாலேயே ஏறினோம். உச்சிப் பாறையில் ஒரு சுனை! வயிறு முட்டக் குடித்து நிமிர்ந்தால், கிழக்கே எங்கள் சீமை வரை எல்லாம் எங்கள் காலடியில் கிடந்தது. நடேசன் துண்டைச் சுழற்றிக் கூவினான். நானும் கூவினேன்.

மலை ஏறியதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். தன் தாகம் தீர்ந்த பிறகும், கல்லெறிந்தவனைத் தேடிக் கருப்பன் இறங்கி வந்ததை இன்றுதான் சொல்கிறேன்.