கதிரைகளில் ஒட்டியிருந்த பெயர்கள்

தமிழ் வகுப்பு அறிவித்தல் பலகையில் என் கதையை ஒட்டுவதற்கு மன்னியுங்கள். நேரில் சொல்லக் கூச்சம்.

இன்று பின்னேரம் இங்கே இக்காஸ்டில், டேனிஷ் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சபைத் தேர்தலுக்கான கூட்டம். ஒவ்வொரு கதிரையிலும் ஒரு பெற்றோரின் பெயரை ஒட்டியிருந்தார்கள்.

பதினொரு கதிரைகள் வெறுமையாக இருந்தன. எல்லாம் விசா கிடைக்காமல் இன்னும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாக்களின் பெயர்கள். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். "இன்னும் வரவில்லை" என்று எழுத ஒரு தகப்பனும் விடவில்லை.

என் கதிரை முன்வரிசையில்; கூச்சத்தில், பின்னால் வெறுமையாக இருந்த ஒன்றில் உட்காரப் போனேன். பக்கத்தில் இருந்த சிவம் அண்ணை மறித்தார்.

"பிள்ளை, அதில இருக்காதேங்கோ. அவ வந்திடுவா."

அவர் மனைவியிடமிருந்து நாலு மாதமாகக் கடிதம் இல்லை.

அதிபர் வரவு எடுத்தார். அந்த மனைவியின் பெயரை வாசித்ததும், அதே கதிரையிலிருந்து டேனிஷில் "யா", ஆம், என்று ஒரு பெண்ணின் குரல் வந்தது.

திரும்பினேன். அவர்களின் ஏழு வயது மகள் அதில் ஏறி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தாயின்ர குரல்தான்," என்றார் அண்ணை, அவளைப் பார்க்காமலே.

அதிபர் நிமிராமல் சரி போட்டார்.

சபைக்கு யார் நிற்பது என்று கேட்டபோது கையைத் தூக்கிவிட்டேன். அந்தப் பதினொரு பேரும் ஏன் வரவில்லை என்று அங்கே சொல்ல ஒருவர் வேண்டும். பேச வேண்டிவரும் என்பது பிறகுதான் உறைத்தது.

வியாழக்கிழமை வாக்களிப்பு. எனக்குப் போடச் சம்மதமானவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். தயவுசெய்து, உங்கள் பெயரை மட்டும்.