பட்டன் உறுமிய நாள்

தெருவுக்கே அவள் டெய்லரக்கா. மாடி வீட்டு முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், எதிரே துணி வெட்டும் மேஜை, மேஜைக்கடியில் வெட்டுத்துணிக் குவியலின் மேல் பட்டன் என்கிற பழுப்பு நாய். கல்யாணமான மறுவருடம் வாடகை மெஷினில் தொடங்கியவள். இன்று பள்ளிச் சீருடை என்றாலே அவளிடம்தான் வருகிறார்கள். வீட்டில் அவளும் பஸ் டிரைவரான புருஷனும் மட்டுமே. அதனால் பட்டனுக்கு ராஜமரியாதை.

வருகிறவர்களைப் பார்த்து நாய் உறுமினால் தொழில் என்ன ஆவது? பட்டன் உறுமத் தொடங்கும்போதெல்லாம் மர ஸ்கேலால் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். கொஞ்ச நாளில் உறுமல் அடியோடு நின்றது. எவ்வளவு சமர்த்து பாருங்கள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்தாள்.

அந்தச் சமர்த்துதான் ஒரு மத்தியானம் நாத்தனாரின் கையைக் கடித்தது. பாசமாகத் தடவிக்கொடுக்கலாம் என்று தலைக்கு மேல் குனிந்திருக்கிறாள். மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் கடி விழுந்தது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுத் திரும்பினால், மாடியை இவர்களுக்கு வாடகைக்கு விட்டுக் கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். இன்னொரு கடி விழுந்தால் நாய் இங்கே இருக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். டிரைவரின் முகம் தொங்கிப்போனது.

"கடி வாங்கினது நான், ஊசி போட்டுக்கிட்டது நான். நீ எதுக்குடா மூஞ்சியை இப்படி வச்சிருக்க?" என்று அக்காக்காரி கட்டுப்போட்ட கையாலேயே தம்பியை இடித்தாள்.

கால்நடை மருத்துவர் காது, பல், இடுப்பு எல்லாம் அமுக்கிப் பார்த்தார். வலி எங்கும் இல்லை. கடிக்குமுன் உறுமியதா என்று கேட்டார். டெய்லரக்கா ஸ்கேல் வித்தையை விவரமாகச் சொன்னாள்.

"பயத்தை நீங்க நிறுத்தலம்மா," என்றார் மருத்துவர். "கிட்ட வராதேன்னு அது சொல்றதைத்தான் நிறுத்திட்டீங்க. சொல்ல வழியில்லாமக் கடிச்சிருக்கு."

உறுமினால் திட்டாமல் ஆளை விலக்க வேண்டும். புது ஆள் வரும்போது தூரத்திலேயே வைத்துப் பிடித்த தீனி கொடுக்க வேண்டும். உறுமலுக்கும் முன்னால் உடம்பு விறைக்கும், முகம் திரும்பும், நாக்கு உதட்டை நக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, டெய்லரக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதை அவள் தினமும் பார்க்கிறாளே! கழுத்தளவு எடுக்க டேப்பை நீட்டினால் சிலருக்குத் தோள் விறைத்துப்போகும். அவர்களிடம் பக்கவாட்டில் நின்று முதலில் கை நீளத்தை அளப்பாள். மனிதருக்குச் செய்ததை நாய்க்குச் செய்யத் தோன்றவில்லை.

மறுநாளே உள்ளறை வாசலில் இடுப்புயரத் தடுப்புக்கதவு ஏறியது. துணி கொடுக்க வந்தவர்கள், அவள் சொல்லிக்கொடுத்தபடி, பட்டனை நேராகப் பார்க்காமல் வேகவைத்த கோழித்துண்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். பட்டன் விறைத்தால் டெய்லரக்கா வந்தவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவன் விலகிப்போகப் பழகினான். ஆனால் உறுமல் மட்டும் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டே தைத்தாள்.

ஒரு சாயங்காலம் நாய் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்துப் போக வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். தடுப்புக்கதவின் தாழ் சரியாக விழாதிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பட்டன் வெளியே வந்துவிட்டான். தனக்குப் பயமில்லை என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, அவர் குனிந்து அவன் தலைக்கு மேல் கையை நீட்டினார். பட்டன் கட்டைபோல் விறைத்தான். டிரைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

உர்ர்ர் என்று அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"கையை எடுத்துட்டு அப்படியே பின்னாடி வாங்க சார்," என்றாள் டெய்லரக்கா. அவர் வந்தார். பட்டன் திரும்பி நடந்து மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"உறுமிட்டான்! ஏங்க, கேட்டீங்களா, உறுமிட்டான்!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டிரைவர் தலைகால் புரியாமல் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்து நாய் உறுமுது, நீங்க என்னமோ அது பரீட்சையில பாஸான மாதிரி குதிக்கிறீங்க," என்றார் வீட்டுக்காரர்.

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் தடுப்புக்கதவை ஆட்டிப் பார்த்தார். தானாக மூடிக்கொள்ளும்படி ஸ்பிரிங் போடவேண்டும், படிக்கட்டில் கயிறும் வாய்ப்பூட்டும் இல்லாமல் இறக்கக்கூடாது. இதற்குச் சம்மதமென்றால் நாய் இருக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு அவர் பாதிப்படி இறங்குவதற்குள், ஸ்பிரிங் வாங்க டிரைவர் அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.