பலாக்கொட்டைக்குப் பூசிய மெழுகு

மழை வந்ததால் ஆட்டம் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மழையாம் மழை! அது பாட்டுக்குப் பெய்துவிட்டுப் போகிறது. ஆட்டத்தைக் கெடுப்பது மனிதர்கள். அதிலும் நல்ல மனிதர்கள். கெட்டவர்களாக இருந்தாலாவது வாய் வலிக்கத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நம்மேல் பிரியம் வைத்திருக்கிறவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்?

அப்போது நான் நாலாம் வகுப்பு. பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி ஆம்பூரிலிருந்து வந்து எங்களோடு தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். மாமாவை நான் அவன் இவன் என்றுதான் பேசுவேன். அம்மா வாயிலேயே போட்டும் திருந்தவில்லை. எனக்கு அவன் மாமா, அவனுக்கு என் அப்பா மாமா. ஒரே வீட்டில் இரண்டு மாமாக்கள், இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடியாத சங்கடம். எல்லாம் கால்பந்தால் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை பிறந்தால் முகம் யார் ஜாடை என்று கேட்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார்கள். அப்பா எங்கள் ஏரியா அணிக்குப் பல வருடம் கோல்கீப்பராக நின்றவர். இடது கையில் ஒரு விரல் அந்தப் புண்ணியத்தில் கோணிக்கொண்டிருக்கும். நெட்டையாகவும் வேகமாகவும் ஒரு மச்சான் வந்து இறங்கியதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்த வாரமே அவனுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவனோ கல்லூரியில் சேர்ந்த மாதமே அமெரிக்கக் கால்பந்துக் குழுவில் சேர்ந்துவிட்டான். பெயர்தான் கால்பந்து, ஆட்டம் முழுக்கக் கையால். இடுப்பில் நாடா கட்டிக்கொண்டு ஓடுவார்கள். நாடாவை எதிரி உருவிவிட்டால் அந்த ஓட்டம் முடிந்தது. ஓடுகிறவர்களுக்குப் பந்தை எறிந்து கொடுக்க ஒருவன் உண்டு, அவன் பெயர் குவார்ட்டர்பேக். மாமாதான் அந்த ஆள்.

பந்தைப் பார்த்தீர்களானால் இரண்டு பக்கமும் கூம்பி இருக்கும். மாமா அதை முதல்முறை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா கையில்கூட வாங்கவில்லை.

"என்னடா இது, பலாக்கொட்டை மாதிரி?" என்றார்.

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். மாமா தாமதமாக வந்தால், "எங்க, பலாக்கொட்டை பொறுக்கப் போயிருந்தியா?" என்பார். மாமா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். ஒருமுறை ஆட்டம் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டான். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் தெரியும்படியே தெருமுனைக் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார் அப்பா. டீ குடிப்பதுதான் வேலை போலும்!

ஆடி பிறந்தது. பெங்களூர் ஆடி உங்களுக்குத் தெரியாது என்றால் சொல்கிறேன். ஊரையே தூக்கிக்கொண்டு போவது போலக் காற்று, அதோடு விட்டுவிட்டு ஒரு சாரல். அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கல்லூரிக்கு ஓர் ஆட்டம். அது முடிந்ததும் பெங்களூர் அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக்கைப் பொறுக்கிச் சென்னையில் நடக்கும் ஆட்டங்களுக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். பொறுக்குகிறவர் மாமாவின் கல்லூரி கோச்தான். போட்டியில் இருப்பது மாமாவும், அதே அணியில் மூன்றாம் வருடம் படிக்கும் காரில் வருகிற ஒரு பையனும். மாமாவுக்கு அந்த மாதம் முழுக்க வேறு பேச்சே கிடையாது. தூக்கத்தில்கூடக் கையை ஓங்குவான்.

மழையில் எறிவதற்கென்று அவன் ஒரு பாடமே நடத்தினான். மாணவி நான் ஒருத்திதான். ஈரப் பந்து கையில் நிற்காது, அதனால் தோல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். காற்று இருந்தால் உயரமாக எறியக் கூடாது, தாழ்வாக, கிட்டத்தில் இருப்பவனுக்கு எறிய வேண்டும். ஒவ்வொரு முறையும் கையைத் துண்டில் துடைக்க வேண்டும். தினமும் பிரஷ்ஷை வைத்துப் பந்தைத் தேய்தேய் என்று தேய்த்து, புதுத்தோல் வழவழப்பெல்லாம் போக்கிவைத்திருந்தான். பூனை நாக்கு மாதிரி ஆகிவிட்டது அது. அப்புறம் மொட்டைமாடியில் என்னை வாளியும் மக்குமாக நிறுத்தி, பந்தின் மேல் தண்ணீர் ஊற்றச் சொல்வான்.

"ஊத்து. இன்னும் ஊத்துடி. இது மழையா, பன்னீர் தெளிக்கிறியா?"

எனக்குப் பாவாடையெல்லாம் நனைந்து குளிரெடுக்கும். கீழேயிருந்து அம்மா, "டேங்க் தண்ணிய காலி பண்றீங்களா ரெண்டு பேரும்? டேங்கர்காரன் உங்க மாமனாரா?" என்று கத்துவாள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது. மாமா எறிந்தால் அந்த ஈரப் பந்து சுற்றிக்கொண்டே போய், கைப்பிடிச் சுவரில் கட்டிவைத்த துணிக்கூடைக்குள் சொத்தென்று விழும். தவறவே தவறாது.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா முடிவெட்டப் போயிருந்தான். ஞாயிறு ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்று அம்மா அப்பாவிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அப்பா ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே மெழுகும் கொழுப்பும் உருக்கிச் செய்த பசை. அந்தக் காலத்தில் தோல் பந்து மழையில் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்துவிடுமாம். அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாளே இதைப் பூசி ஊறவைப்பார்களாம். மாமாவின் பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அதைத் தொட்டது அதுதான் முதல்முறை. என்னைப் பிடிக்கச் சொல்லி, தையல் இடுக்கெல்லாம் விரலை விட்டுப் பூசினார்.

"இதெல்லாம் அவனுக்கு யாரு சொல்லித் தருவா? போன்ல வீடியோ பாத்தா வந்துடுமா?" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாமா வந்து பந்தைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். அப்பா டிவியைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்.

"யாரு மாமா இது பண்ணது?"

"நான்தான். ஏன்?"

மாமா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல மாமா. சூப்பரா இருக்கு," என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மொட்டைமாடியில் ஒளிந்துகொண்டு பழைய பனியனால் பந்தைத் துடைக்க, பின்னாலேயே அப்பா வந்துவிட்டார். "டேய் டேய், துடைக்காதடா! ஊறணும்!" என்று பிடுங்கிக்கொண்டார். பிடுங்கியவர் காலையில் இன்னொரு கை பூசினார். அதோடு விட்டாரா? "நானும் வரேன்" என்று கிளம்பி, பந்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தன் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டார். மாமா முதலிலேயே பஸ்ஸில் போய்விட்டான். நான் அப்பாவின் பின்னால் தொற்றிக்கொண்டேன். மாமாவின் கையில் அந்தப் பந்து கிடைத்தது ஆட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில்தான்.

மழை பிடித்துக்கொண்டது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அணியும் தன் முறை வரும்போது தன் பந்தைத்தான் எறியும். மாமாவின் அணிக்கு இருந்தது அந்த ஒரே பந்துதான். மாமா எறிந்த முதல் பந்து கையிலிருந்து வழுக்கி அவனுக்குப் பின்னாலேயே போய் விழுந்தது. அடுத்தது நேராக எதிரணிக்காரன் வயிற்றில் போய் உட்கார்ந்தது. அதற்கடுத்தது கோச்சின் காலடியில். துண்டால் துடைக்கத் துடைக்க அது இன்னும் பளபளத்தது. எதிரணி குவார்ட்டர்பேக் அதே மழையில், அதே காற்றில், கையைத் துடைத்துக்கொண்டு ஜம்மென்று எறிந்துகொண்டிருந்தான். ஐயோ, அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை! சுற்றி நின்றவர்கள் எல்லாரும், "மழ மச்சி, என்ன பண்றது" என்று தலையாட்டினார்கள்.

பந்து ஒருமுறை கோட்டுக்கு வெளியே என்னிடம் உருண்டு வந்தது. எடுக்கப் போனால் என் கையிலும் நிற்கவில்லை. கட்டிப்பிடித்துத் தூக்கினேன். மூக்கில் அந்தக் கொழுப்பு வாடை ஏறியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமா! மெழுகு! அப்பா தடவுன மெழுகு!"

மாமா ஓடிவந்து குனிந்து என் வாயைப் பொத்தினான். "சும்மா இருடி. உங்கப்பா நிக்கிறாரு."

நின்றுகொண்டுதான் இருந்தார். குடை பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவருக்குப் பந்துக்கு எப்படிப் பதம் பண்ண வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கோச் பொறுக்க முடியாமல், "ஏய், பால் மாத்துடா! அந்த டீம்காரங்க கிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு" என்று கத்தினார்.

"பால் நல்லாத்தான் இருக்கு சார். என் கைதான் சரியில்ல," என்றான் மாமா.

கூட ஆடுகிற பையன்கள் நனைந்துகொண்டு முறைக்கிறார்கள், இவன் இப்படிச் சொல்கிறான்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பைத்தியமா இவனுக்கு? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? கோச் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கார் பையனை இறக்கினார். அவன் வந்ததும் வராததுமாக எதிரணியிடம் பந்தைக் கடன் வாங்கி நன்றாகவே எறிந்தான். ஆனாலும் ஆட்டம் கை மீறிப் போயிருந்தது. முடிந்ததும் கோச் கார் பையனின் தோளைத் தட்டி, சென்னைக்குத் துணிமணி எடுத்துவைக்கச் சொன்னார். மாமா அங்கேயே நின்று அவனுக்குக் கைகொடுத்துவிட்டு வந்தான்.

கூட்டம் கலைந்தது. அப்பா மழையைத் திட்டினார், காற்றைத் திட்டினார், மைதானத்தைத் திட்டினார். "ஆனா ஒண்ணு மாப்ளே, பந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல, பாத்தியா?"

"ஆமா மாமா. அது மட்டும்தான் இன்னைக்கு உருப்படியா இருந்துச்சு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது சுத்திக்கிட்டே போகுதேடா, அது எப்படி? குடு, பாப்போம்" என்றார்.

மாமாவுக்கு முகமே மாறிவிட்டது. தோற்றுவிட்டு வந்தவன் மாதிரியே இல்லை. அப்பாவின் பின்னால் நின்று, அந்தக் கோணல் விரலைப் பந்தின் தையல்மேல் எங்கே வைக்க வேண்டும், கடைசியில் எப்படி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். பிறகு தூரமாக ஓடிப் போய்க் கையை விரித்துக்கொண்டு, "எறிங்க மாமா!" என்று கத்தினான். சென்னையும் போச்சு, மானமும் போச்சு, மழையில் நின்று இரண்டு பேரும் விளையாடுகிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அப்பா கையை ஓங்கினார். பந்து வழுக்கிப் பின்னால் விழுந்தது. எடுத்துத் துடைத்து, இன்னொரு முறை ஓங்கினார். மறுபடியும் வழுக்கியது. வருடக்கணக்கில் மழையில் பந்து பிடித்த கை அது. அப்பா பந்தை எடுக்கப் போகாமல் உள்ளங்கையைப் பார்த்தார். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் தூரத்தில் கையை விரித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கும் மாமாவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மழை ஜாஸ்தியா இருக்குடா மாப்ளே. வா, போலாம்," என்றார்.

இவரும் மழையையே சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை எடுப்பதற்கு முன் அப்பா தன் மழைக்கோட்டைக் கழற்றி, வேண்டாம் வேண்டாம் என்ற மாமாவுக்கு வலுக்கட்டாயமாக மாட்டி, சின்னப் பிள்ளைக்குப் போடுவது போலக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டார். வீடு வரைக்கும் நனைந்துகொண்டே வண்டி ஓட்டினார். பெற்ற பெண் நான் நடுவில் உட்கார்ந்து நடுங்குகிறேன், கோட்டை எனக்குத் தராமல் அந்தத் தடியனுக்குக் கொடுத்துவிட்டாரே என்று நான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன்.