கிணறு கரிக்கும் நாள்

"ஒரு சொட்டு போதுங்க. நாக்குல பட்டதும் துப்பிருங்க" என்று சிங்கராயர் கிணற்றுத் தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றுகிறார். மலைமேல் தலைச்சோலை ஊருக்குக் கீழே அவர் வீட்டுப் பக்கம் போகிற எவரும் இதற்குத் தப்ப முடியாது. தபால்காரர் பாதையையே மாற்றிக்கொண்டுவிட்டார்.

எஸ்டேட்டில் காபிப் பழம் உரிக்கும் இயந்திரத்தை ஓட்டியவர் இவர். உரித்த கழிவுத் தண்ணீரை மேட்டுக் குழியில் விட்டவரும் இவரே. அது மண்ணுக்குள் இறங்கி, புளித்த நாற்றத்தோடு இவர் கிணற்றுக்கே வந்து சேர்ந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே மனைவி சாந்தாமேரியையும் சேர்த்துச் சுட்டது. வயிறு கெட்டுச் சேலத்து மகள் வீட்டுக்குப் போனவர், "தண்ணி நல்லாவட்டுமுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

குழியை மூடிய அன்று சிங்கராயர் அதில் ஒரு மூட்டை கல்லுப்பைக் கொட்டினார். கடைசி அழுக்கோடு உப்பும் கிளம்பும். கிணறு கரித்தால் அழுக்கின் வால் வந்துவிட்டது, பின்னால் வருவது நல்ல தண்ணீர். இது அவர் கணக்கு. நிலத்தடி நீரைச் சோதிக்க வரும் சுதாராணி தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்கய்யா, பாறை வெடிப்புல தண்ணி ஓடும், களிமண்ணுல ஊரும். கெணத்துக்கு வந்து சேர ரெண்டு மழையும் ஆவும், பத்து மழையும் ஆவும். உப்பை வேற எதுக்குங்க கொட்டுனீங்க?"

இதில் இன்னொரு கூத்து. ரத்தக் கொதிப்புக்காக உப்பில்லாமல் சாப்பிட்டுப் பழகிய நாக்கு அவருடையது. பச்சைத் தண்ணீரே அதற்குக் கரிக்கும். போன ஈஸ்டருக்கு, "கரிக்குது அம்மிணி, கெளம்பி வா" என்று போன் போட்டுவிட்டார். சாந்தாமேரி பெட்டியோடு அடிவாரம் வரை வந்துவிட்டார். அதற்குள் சுதாராணி சோதித்துப் பார்த்து, உப்பு இல்லை என்றார். சேதி கேட்டதும் சாந்தாமேரி அங்கிருந்தே பஸ் ஏறித் திரும்பிவிட்டார்.

"எம்மொகத்தக்கூடப் பாக்கலீங்க" என்கிறார் சிங்கராயர். கேட்க எனக்கே என்னவோ போலிருக்கிறது. அன்றிலிருந்துதான் தன் நாக்கை நம்பாமல் ஊரார் நாக்கைத் தேடுகிறார்.

உள்ளங்கைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். துப்பினேன். சந்தேகமாக இருந்தது, இன்னொரு சொட்டு வாங்கினேன்.

"ஏனுங்க, கரிக்குதுங்களா?"

"கரிக்குதுங்க. எதுக்கும் சுதாராணிகிட்ட ஒருதடவை..."

நான் சொல்லி முடிக்கவில்லை, உள்ளே போய்விட்டார். திரும்பியபோது தோளில் மெத்தை. பனிமூட்டமாக மஞ்சு இறங்கி வேலிகூடத் தெரியவில்லை. வெயில் பேருக்கும் இல்லாத அந்த வாசல் பாறையில் மெத்தையை விரித்து, சாந்தாமேரியின் தலையணையை எடுத்துவந்து தட்டத் தொடங்கினார்.